சிறிய விமானத்தின் அலுமினியம் அரித்தால் என்ன செய்வது?

நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானத்தின் இறக்கைத் தகடு எவ்வளவு தடிமன் இருக்கும்? விரலால் தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆச்சரியப்படும் அளவுக்கு மெல்லியது. பெரும்பாலான இடங்களில் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள்தான். இப்போது அதில் கால் மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழியின் வாய் குண்டூசித் தலை அளவுதான். ஆனால் அந்த இடத்தில் தகட்டின் கால்வாசியோ பாதியோ காணாமல் போய்விட்டது.

அரிப்பைச் சரிசெய்வது என்றால் வெள்ளையாகப் பூத்திருப்பதைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பெயின்ட் அடிப்பது என்றுதான் முதலில் தோன்றும். தேய்ப்பது இந்த வேலையில் ஒரு சிறு பகுதி. எவ்வளவு உலோகம் போயிருக்கிறது, மிச்சம் இருப்பது போதுமா என்று அளந்து முடிவெடுப்பதுதான் பெரும்பகுதி. போன உலோகம் திரும்ப வராது. தேய்க்கும்போது நாமும் இன்னும் கொஞ்சம் எடுக்கிறோம்.

அலுமினியம் ஏன் அரிக்கிறது

அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது என்பது சரிதான். காற்று பட்ட உடனே அதன் மேல் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிவிடும். சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் உலோகத்தோடு இறுக ஒட்டிக்கொண்டு, கீழே இருப்பதைக் காக்கும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் உடனே புதிய படலம் வரும்.

சிக்கல் என்னவென்றால், சுத்தமான அலுமினியம் மிகவும் மென்மையானது. அதை வைத்து விமானம் கட்ட முடியாது. 1906ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் வில்ம் என்ற உலோகவியலாளர், தாமிரமும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துச் சில நாள் விட்டுவைத்தால் அது தானாகவே கடினமாகிறது என்று கண்டுபிடித்தார். டூரலுமின் என்ற அந்தக் கலவையின் வாரிசுதான் இன்றைய 2024 என்ற விமான அலுமினியம். அதில் நான்கு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகத் தாமிரம் இருக்கிறது. அதிக வலிமை வேண்டிய பாகங்களுக்கு 7075 என்ற இன்னொரு கலவை உண்டு. அதில் முக்கியச் சேர்மானம் துத்தநாகம்.

வலிமை தரும் அதே தாமிரம்தான் வினையையும் கொண்டுவருகிறது. உலோகத்துக்குள் தாமிரம் அதிகமுள்ள நுண்துகள்கள் ஆங்காங்கே இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள அலுமினியம் மின்வேதியியல் ரீதியாக அவற்றைவிட எளிதில் கரையக்கூடியது. மேலே ஒரு துளி ஈரம், அதில் கொஞ்சம் உப்பு இருந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பேட்டரி அங்கே வேலை செய்யத் தொடங்கிவிடும். உப்பில் இருக்கும் குளோரைடு ஆக்சைடு படலத்தையும் உடைத்துவிடுகிறது.

இந்த பேட்டரி ஓட நான்கு விஷயங்கள் வேண்டும்: கரையும் உலோகம், கரையாமல் நிற்கும் உலோகம், இரண்டையும் நனைக்கும் ஈரம், இரண்டுக்கும் இடையே உலோகத் தொடர்பு. நான்கில் ஒன்றை எடுத்துவிட்டாலும் அரிப்பு நின்றுவிடும். முதல் இரண்டும் தொடர்பும் தகட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே நம்மால் தடுக்க முடிந்தது ஈரம் ஒன்றைத்தான். பிரைமர், பெயின்ட், சீலன்ட், எண்ணெய்ப் பூச்சு எல்லாம் அந்த ஒரு காரியத்துக்காகவே.

1920களின் கடைசியில் அல்கிளாட் என்ற தகடு வந்தது. வலுவான கலவைத் தகட்டின் இரு பக்கமும் சுத்தமான அலுமினியத்தை மெல்லிய அடுக்காக வைத்து உருட்டிச் சேர்ப்பது அதன் முறை. மெல்லிய தகடுகளில் இந்த அடுக்கு பக்கத்துக்கு ஏறக்குறைய 5 சதவீதம். 0.8 மில்லிமீட்டர் தகட்டில் அது 0.04 மில்லிமீட்டர்தான்! ஆனாலும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. மேலே கீறல் விழுந்து உள்கலவை தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கும் சுத்த அலுமினியம் தான் கரைந்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். பளபளப்புக்காக வருடாவருடம் விமானத்தை பாலிஷ் போடுபவர்கள் இந்த 0.04-ஐத்தான் தேய்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

அரிப்பின் முகங்கள்

எல்லா அரிப்பும் ஒன்றல்ல. எந்த வகை என்று தெரியாமல் தேய்க்கத் தொடங்கக் கூடாது.

மிகச் சாதாரணமானது மேற்பரப்பு அரிப்பு. பளபளப்பு மங்கி, சாம்பல் நிறமாக, தொட்டால் மாவு ஒட்டும். பார்க்க அசிங்கம், ஆபத்து குறைவு. அதையே விட்டுவைத்தால் குழி அரிப்பாக மாறும். அங்கங்கே வெள்ளைப் பொடிக் குவியல்கள் தெரியும். துடைத்துப் பார்த்தால் கீழே சிறு ஓட்டைகள். வாய் சிறியது, உள்ளே எவ்வளவு ஆழம் என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒவ்வொரு குழியும் விசையைத் தன் அடியில் குவிக்கும். அங்கிருந்துதான் உலோகச் சோர்வு விரிசல், அதாவது விசை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் விரிசல், கிளம்பும்.

பெயின்டுக்கு அடியில் வளைந்து நெளிந்து ஓடும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது இழை அரிப்பு. பெரும்பாலும் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவெட் என்ற ஆணியின் தலையைச் சுற்றியோ தகட்டு விளிம்பிலிருந்தோ கிளம்பும். பெயின்ட் அடிப்பதற்கு முன் உலோகத்தைச் சரியாகத் தயார் செய்யாமல், அமில மிச்சத்தை அப்படியே விட்டு அடித்தால் இது நிச்சயம். ஆழம் குறைவுதான், ஆனால் பரப்பு பெரிது. மொத்தப் பெயின்டையும் உரிக்க வேண்டியிருப்பதால் வேலை அதிகம்.

இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளில் நடப்பது இடுக்கு அரிப்பு. ஈரம் உள்ளே போகும், வெளியே வராது. அரிப்பில் உண்டாகும் அலுமினிய ஹைட்ராக்சைடு, கரைந்த உலோகத்தைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இடமில்லாத இடத்தில் அது வளர்வதால் ரிவெட்டுகளுக்கு இடையே தகடு உப்பி எழும். சில சமயம் ரிவெட் தலையே பிய்ந்து போகும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737-இல் பறக்கும்போதே கூரையில் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் பிய்ந்து போனது. ஒரு பணிப்பெண் வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்தார். மற்றவர்களோடு விமானம் மாவி தீவில் இறங்கிவிட்டது. தகட்டு இணைப்புகளில் ஒட்டு விட்டு, ஈரம் புகுந்து, அரிப்பும் சோர்வு விரிசலும் சேர்ந்துகொண்டதுதான் காரணம். அது பெரிய விமானம். தினமும் பலமுறை உப்புக்காற்றில் ஏறி இறங்கியது. ஆனால் தகட்டு இணைப்பு என்ற அமைப்பு சிறிய விமானத்திலும் அதேதான்.

இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் வருவது கால்வானிய அரிப்பு. அலுமினியத்தில் பூச்சில்லாத எஃகு போல்ட், பித்தளைத் துண்டு, கார்பன் ஃபைபர் எதுவும் நேராக உட்காரக் கூடாது. விமானத்துக்கான எஃகு போல்ட்டுகளுக்கு காட்மியம் முலாம் பூசுவது இதற்காகத்தான். பலருக்குத் தெரியாத ஒன்று: அலுமினியத் தகட்டில் சாதாரணப் பென்சிலால் குறியிடவே கூடாது. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் கார்பன்தான். கோடு போட்ட இடமே பிறகு அரிப்புக் கோடாகிவிடும். பாதரசம் இன்னும் மோசம். ஒரு துளி சிந்தினாலும் ஆக்சைடு படலத்தைத் தாண்டி உள்ளே ஊடுருவி அலுமினியத்தைத் தின்னும். பாதரச வெப்பமானியை விமானத்தில் கொண்டுபோகக் கட்டுப்பாடு வைத்திருப்பது சும்மா இல்லை.

ரிவெட்டுக்குப் பின்னால் காற்று ஓடும் திசையில் கரும்புகை படிந்தது போல ஒரு கோடு தெரிகிறதா? அது அழுக்கல்ல. ரிவெட் தளர்ந்து, தகடும் தகடும் உரசி, உதிர்ந்த அலுமினியத் தூள் கறுத்து வெளியே வருகிறது. அந்த ரிவெட்டை மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது உலோகத்தின் உள்ளே, மணிகள் எனப்படும் நுண்படிகங்களின் எல்லைகளில் ஓடும் அரிப்பு. அழுத்தி இழுத்துச் செய்த கனமான பாகங்களில், முக்கியமாக இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரில், இந்த மணிகள் நீளவாக்கில் தட்டையாகக் கிடக்கும். அவற்றின் எல்லை வழியே அரிப்பு ஓடும்போது, நனைந்து காய்ந்த புத்தகத்தின் தாள்களைப் போல உலோகம் ஏடு ஏடாகப் பிரிந்து உப்பும். இந்த அடுக்குரிப்பு வெளியே கொஞ்சம் தெரிந்தால் உள்ளே நிறைய இருக்கும். கத்தி முனையால் தொட்டால் ஏடு பெயர்ந்து வந்தால், உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு மேனுவலை எடுக்க வேண்டியதுதான்.

எங்கே தேடுவது

வெயில் படும் வெளிப்பக்கத்தைவிட இருட்டான உட்பக்கம்தான் கவனிக்க வேண்டியது. தண்ணீர் எங்கே போய்த் தேங்கும் என்று யோசித்தால் பாதி வேலை முடிந்தது. விமானத்தின் அடிவயிறு, கதவுக்குக் கீழே, வால் பகுதியின் கடைசி அறை, சுக்கான் பரப்புகளின் பின்விளிம்பு. இங்கெல்லாம் வடிகால் ஓட்டைகள் இருக்கும். ஆனால் தூசியும் பழைய பெயின்டும் அவற்றை அடைத்திருக்கும். எஞ்சின் புகை தடவிப் போகும் பாதையில் கரி படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், அந்த ஈரத்தில் அமிலமும் சேரும். இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் ஃப்ளாப்பின் கீல்கள் நீளமான பியானோ கீல்களாக இருந்தால், எஃகுக் கம்பியும் அலுமினியமும் ஒன்றாக நனையும் அருமையான இடம் அது.

பேட்டரிப் பெட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈய-அமில பேட்டரியிலிருந்து கசியும் கந்தக அமிலமும் அதன் ஆவியும் சுற்றியுள்ள தகட்டை வேகமாகத் தின்னும். அதைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் முறித்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். நிக்கல்-காட்மியம் பேட்டரி என்றால் கதை தலைகீழ்: அதில் இருப்பது காரம், முறிக்க நீர்த்த அமிலம் வேண்டும். எந்த பேட்டரி என்று பார்க்காமல் சோடாவை ஊற்றக் கூடாது.

அப்புறம், பயணிகள் அறையின் ஒலித்தடுப்புப் பஞ்சு. உள்ளே போகும் ஈரத்தை அது உறிஞ்சி மாதக்கணக்கில் தகட்டோடு ஒட்டி வைத்திருக்கும். 2019 மே மாதம் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசாவுக்கு அருகே ஆய்வுப் பணியில் இருந்த ஒரு செஸ்னா 210-இன் இறக்கை பறக்கும்போதே பிரிந்து இருவர் இறந்தார்கள். இரண்டு இறக்கைகளையும் இணைத்து அறைக்கூரைக்குள் குறுக்கே ஓடும் ஸ்பாரில் ஒரு சிறு அரிப்புக் குழி இருந்தது. அதில் தொடங்கிய சோர்வு விரிசல்தான் காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. மறு ஆண்டே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, 210 வரிசையின் பல மாடல்களில் அந்த ஸ்பாரைச் சோதிப்பதைக் கட்டாயமாக்கியது. ஒரு குழி என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இந்த விபத்தைத்தான் சொல்ல வேண்டும்.

தேடுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நல்ல டார்ச், சிறு கண்ணாடி, பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, கை நுழையாத இடத்துக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கருவியான ஒரு போர்ஸ்கோப். டார்ச்சை நேராக அடிக்காமல் தகட்டோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் சின்ன உப்பலும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்தால் அதற்கு மேல் எடி கரன்ட் (சுழல் மின்னோட்டம்), மீயொலி, எக்ஸ்ரே சோதனைகள். அவை பயிற்சி பெற்றவர்களின் வேலை.

தேய்ப்பதும் அளப்பதும்

இந்த வேலையை யார் செய்யலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பதிவு பெற்ற விமானத்தின் உடல்கூட்டில் கை வைக்க உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் பொறுப்பும் கையெழுத்தும் வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். உரிமையாளர் சுத்தம் செய்யலாம், தேடலாம், கேள்வி கேட்கலாம். கீழே சொல்வது அந்தப் பொறியாளர் என்ன செய்கிறார் என்பது புரிவதற்காக.

முதலில் கழுவுவது. எண்ணெயும் அழுக்கும் போகாமல் தேய்த்தால் அவற்றையே உலோகத்துக்குள் தேய்த்து ஏற்றுகிறோம். பிறகு அந்த இடத்தில் பெயின்டை உரிப்பார்கள். பெயின்ட் உரிக்கும் ரசாயனம் தகட்டு இணைப்புக்குள் புகுந்துவிடாமல் விளிம்புகளை டேப்பால் மூடுவது முக்கியம். உள்ளே போன ரசாயனத்தைக் கழுவி எடுக்க முடியாது. அதுவே அடுத்த அரிப்புக்கு விதை.

தேய்க்கும் பொருளில் ஒரு கறாரான விதி உண்டு. அலுமினியத்தில் எஃகு பிரஷ், எஃகுக் கம்பளி, எமரி எதுவும் படக் கூடாது. எஃகுத் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து நின்று, ஒவ்வொன்றும் ஒரு புதிய கால்வானிய மையமாகும். சிலிக்கான் கார்பைடு தாளையும் தவிர்ப்பார்கள். அலுமினியம் ஆக்சைடு உப்புத்தாள், நைலான் தேய்ப்புப் பட்டைகள், அலுமினியக் கம்பளி ஆகியவைதான் சரியானவை. எஃகுப் பாகத்தைத் தேய்த்த பட்டையை எடுத்து அலுமினியத்தில் தேய்ப்பதும் அதே தப்புதான். இரண்டுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

எதுவரை தேய்ப்பது? அரிப்பு முழுதும் போகும்வரை. குழியின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து மேலே பிரைமர் அடித்தால், மூடிக்குக் கீழே அது தன் வேலையைத் தொடரும். அதே சமயம் தேவைக்கு மேல் ஒரு சுற்றுகூடத் தேய்க்கக் கூடாது. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவேதான் கைத்திறன் இருக்கிறது. மின்கருவியை வைத்துச் சட்டென்று முடிக்கும் ஆசை வரும். மெல்லிய தகட்டில் அது அபாயம்; சூடாகும், ஒரே இடத்தில் ஆழமாக இறங்கிவிடும். கையால் தேய்த்து, நிறுத்தி, உருப்பெருக்கியில் பார்த்து, மறுபடி தேய்ப்பதுதான் பாதுகாப்பு. விரிசல் இருக்குமோ என்ற சந்தேகமுள்ள இடத்தில் சாய ஊடுருவல் சோதனை செய்வார்கள்: சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்தால் விரிசலுக்குள் போன சாயம் கோடாகக் கசிந்து காட்டும்.

அரிப்பு போன பிறகு அங்கே செங்குத்தான விளிம்போடு ஒரு பள்ளம் மிஞ்சும். அப்படியே விட்டால் விசை அந்த விளிம்பில் குவியும். ஆகவே பள்ளத்தைச் சுற்றிலும் சரிவாகத் தேய்த்து ஆழமில்லாத தட்டு வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். ஆழம் ஒரு பங்கு என்றால் சரிவு ஏறக்குறைய 20 பங்கு நீளம் என்பது பொதுவான அளவு. கால் மில்லிமீட்டர் ஆழமென்றால் ஐந்து மில்லிமீட்டர் நீளத்துக்குச் சரிவு. ஒரு குண்டூசித் தலைக் குழிக்காக ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் அகலமான இடம் மெலிந்துபோவது இப்படித்தான்.

இப்போது அளக்க வேண்டும். ஆழமானியை நல்ல பரப்பின் மேல் நேராக வைத்து, பள்ளத்தின் பல இடங்களில் அளந்து, அதில் அதிகமானதை எடுத்துக்கொள்வார்கள். மறுபக்கம் கை எட்டாத இடத்தில் மீயொலித் தடிமன்மானி மிச்ச உலோகத்தை நேராகவே சொல்லிவிடும். எஃப்ஏஏயின் அரிப்புக் கையேடு மூன்று நிலை சொல்கிறது: ஆழம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிமீட்டர் வரை லேசானது. ஆயிரத்தில் பத்து பங்கு, 0.25 மில்லிமீட்டர் வரை நடுத்தரம்; அதற்கு மேல் கடுமையானது. இது பேச்சு வசதிக்கான வகைப்பாடு. உங்கள் விமானத்தில் இந்தப் பாகத்தில் எவ்வளவு போகலாம் என்பதை அதன் தயாரிப்பாளரின் பழுதுபார்ப்பு மேனுவல்தான் சொல்லும்.

பத்து சதவீதம் வரை போகலாம் என்று ஹேங்கர்களில் ஒரு வாய்வழிக் கணக்கு ஓடும். பல மேனுவல்களில் அந்த எண் இருப்பது உண்மைதான். ஆனால் ஸ்பாருக்கும், இறக்கை இணைப்புக்கும், தரையிறங்கு சக்கரப் பொருத்துமிடத்துக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது சூதாட்டம். சில பாகங்களில் அனுமதி பூஜ்யம். அளந்த எண்ணையும், இடத்தையும், தேய்த்த பரப்பையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து இன்னொருவர் அதே இடத்தைத் தேய்க்க வந்தால், ஏற்கெனவே எவ்வளவு போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேறு வழி கிடையாது.

மூடுவது

அளவு வரம்புக்குள் இருந்தால் அடுத்தது பாதுகாப்புப் பூச்சு. இப்போது அந்த இடம் பூச்சில்லாத வெற்று உலோகம். அல்கிளாட் அடுக்கும் போய்விட்டது. பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த கழுவியால் பரப்பைச் சுத்தம் செய்து, தண்ணீர் விட்டு அலசுவார்கள். சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. தண்ணீர் அரை நிமிடமாவது உடையாத ஒரே படலமாக நின்றால் எண்ணெய்ப் பசை போய்விட்டது. அங்கங்கே முத்துக்களாகத் திரண்டால் மறுபடி கழுவ வேண்டும்.

அந்த ஈரத்தோடே குரோமேட் கரைசலைத் தடவுவார்கள். அலொடைன் என்ற வணிகப் பெயரே அதற்குப் பொதுப்பெயராகிவிட்டது. சில நிமிடங்களில் உலோகம் பொன்னிறமாகும். கரைசல் மேலேயே காய்ந்துவிடாமல் நனைத்துக்கொண்டே இருந்து, பிறகு சுத்தமான தண்ணீரால் அலச வேண்டும். புதிதாக உருவான படலம் ஈரத்தில் மென்மையானது. துணியால் துடைத்தால் போயே போய்விடும். சீக்கிரம் காய வைக்கச் சூடான காற்றைப் பாய்ச்சுவதும் கூடாது, 60 டிகிரிக்கு மேல் போனால் படலம் கெட்டுவிடும். மேல்பூச்சை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், முடிந்தால் அன்றே பிரைமர் அடித்துவிடுவது நல்லது.

இதில் உடலுக்கு ஆபத்து இருக்கிறது. இந்தக் கரைசலில் உள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. பழைய விமானங்களின் உள்ளே தெரியும் மஞ்சள்-பச்சை நிற ஜிங்க் குரோமேட் பிரைமரும் அதே குடும்பம். அதைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. கையுறை, கண்ணாடி, சரியான முகக்கவசம் இல்லாமல் தொடவே வேண்டாம். குரோமேட்டில் நனைந்த துணியைக் காயவிட்டால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. நிறையத் தண்ணீரில் அலசி, ரசாயனக் கழிவாக ஒதுக்க வேண்டும். மூன்று இணைதிறன் குரோமியத்தை வைத்து ஆபத்து குறைந்த மாற்றுக் கரைசல்கள் இப்போது கிடைக்கின்றன. பொன்னிறம் அவ்வளவாக வராது என்பதால் பூசிய இடம், பூசாத இடம் தெரிவது கொஞ்சம் கஷ்டம்.

இதற்கு மேல் எபாக்சி பிரைமர், அதற்கு மேல் பெயின்ட். இங்கே சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. டப்பாவில் சொன்ன கலவை விகிதத்தையும் காயும் நேரத்தையும் மதித்தால் போதும்.

வரம்பைத் தாண்டினால்

மிச்ச உலோகம் போதாது என்றால் புட்டி வைத்து நிரப்பி மழமழப்பாக்குவது பழுதுபார்ப்பு ஆகாது. புட்டி எந்த விசையையும் தாங்காது, மறைக்க மட்டும் செய்யும். பழைய விமானம் வாங்குபவர்கள் வழவழப்பான புதுப் பெயின்டைப் பார்த்து மயங்குவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

சிறிய பரப்பென்றால் கெட்டுப்போன பகுதியை வட்டமாகவோ மூலை வளைந்த சதுரமாகவோ வெட்டி எடுத்து, அதே வகை உலோகத்தில் அதே தடிமனோ ஒரு படி கூடுதலோ உள்ள ஒட்டுத்தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்துவார்கள். கூர்மையான மூலை விடக் கூடாது, அங்கேதான் விரிசல் தொடங்கும். ரிவெட்டின் விட்டம் கனமான தகட்டின் தடிமனைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ரிவெட்டின் மையத்திலிருந்து தகட்டு விளிம்புக்கு விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது தூரம் வேண்டும். அடித்து முடித்த பக்கத்துத் தலை விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருந்தால் சரியாக அடித்திருக்கிறது. எத்தனை ரிவெட், எத்தனை வரிசை என்பதை வெட்டி எடுத்த தகடு தாங்கிய விசையை வைத்துக் கணக்கிட வேண்டும், கண்ணளவு உதவாது.

பழைய ரிவெட்டை எடுக்கும்போதுதான் புதியவர்கள் திணறுவார்கள். தலையின் ஆழத்துக்கு மட்டும் துளையிட்டு, தலையைத் தட்டி எடுத்து, மீதிக் காம்பை பஞ்ச் வைத்துத் தள்ள வேண்டும். துரப்பணம் தகட்டுக்குள் இறங்கி ஓட்டை பெரிதானால் அங்கே பெரிய அளவு ரிவெட் போட வேண்டி வரும், விளிம்புத் தூரம் குறையும், ஒரு சின்னப் பழுது பெரிதாகும். புதிய தகடு உட்காருவதற்கு முன் தொடும் பரப்புகள் இரண்டுக்கும் பிரைமர் அடித்து, நடுவே பாலிசல்ஃபைடு சீலன்ட் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே ரிவெட் அடித்தால் இடுக்குக்குள் தண்ணீர் புக வழியில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது உள்ளே எந்தப் பூச்சும் இல்லாமலே வெளிவந்த பழைய விமானங்கள் ஏராளம். அவற்றில் இப்படிச் செய்த ஒட்டு, சுற்றியுள்ள பழைய தகட்டைவிட நீண்ட நாள் தாங்கும்.

ஸ்பாரில் அடுக்குரிப்பு என்றால் நிலைமை வேறு. தயாரிப்பாளரின் பழுதுபார்ப்பு முறை இருந்தால் அதன்படி. இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற வடிவமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். அதுவும் முடியாதென்றால் ஸ்பாரையே மாற்ற வேண்டும். பல சிறிய விமானங்களின் ஆயுள் இந்த இடத்தில்தான் முடிகிறது, ஏனென்றால் ஸ்பார் மாற்றும் செலவு சில நேரம் விமானத்தின் விலையைத் தாண்டிவிடும். வெல்டிங் செய்துவிடலாமே என்று கேட்காதீர்கள். 2024, 7075 இரண்டும் வெப்பப் பதத்தால் வலிமை பெற்றவை. சாதாரண வெல்டிங் சூடு அந்தப் பதத்தை அழித்து, விரிசலையும் கொண்டுவரும்.

திரும்ப வராமல்

கழுவிய தண்ணீர் வடிய வழி, திறந்த வடிகால் ஓட்டைகள், கடலோரத்தில் பறந்தால் நல்ல தண்ணீரில் அலசுவது. இவை செலவில்லாதவை. அடுத்தது அரிப்புத் தடுப்பு எண்ணெய். ஏசிஎஃப்-50, கரோஷன்எக்ஸ் போன்றவற்றை மெல்லிய புகையாக இறக்கைக்குள்ளும் உடல்கூட்டுக்குள்ளும் செலுத்துவார்கள். ஈரத்தைத் தள்ளிவிட்டு இடுக்குகளில் ஊர்ந்து போய் ஒரு படலமாக நிற்கும். கொஞ்ச நாளுக்கு ரிவெட்டுகளைச் சுற்றிக் கசிந்து அழுக்கைப் பிடிக்கும், சிலருக்கு அது பிடிக்காது. என்னைக் கேட்டால் அந்த அழுக்கு நல்ல அறிகுறி. உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் ஆக்சிஜன் கருவிகளின் பக்கம் எண்ணெய் போகவே கூடாது, தீப்பற்றும். பெயின்ட் அடிக்கத் திட்டமிருந்தால் அதை முடித்துவிட்டே எண்ணெய் அடிக்க வேண்டும். எண்ணெய் இருக்கும் இடத்தில் பெயின்ட் ஒட்டாது. இதன் பலன் நிரந்தரமல்ல. பறக்கும் இடத்தின் ஈரப்பதத்தைப் பொறுத்து ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

சரிசெய்த இடத்தைச் சில மாதம் கழித்து ஒருமுறை திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். பிரைமர் அப்படியே இருந்தால் அடுத்த வருடாந்திர சோதனைவரை விட்டுவிடலாம். வெள்ளைப் பொடி திரும்பவும் எட்டிப் பார்த்தால், அரிப்பு முழுதும் எடுபடவில்லை அல்லது ஈரம் வரும் வழி இன்னும் திறந்திருக்கிறது. தேய்ப்பதற்கு முன் கதவு ரப்பர், கண்ணாடி விளிம்பு, மேற்கூரை இணைப்பு ஆகியவற்றின் மேல் தண்ணீர் ஊற்றி, எது ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள்.